இயந்திர மனிதனுக்குப் பல் எதற்கு?

நடப்பன, ஊர்வன, பறப்பன என்று கடவுள் எத்தனையோ உயிர்களைப் படைத்தார். கடைசியில் கொஞ்சம் மண் மிஞ்சியிருக்க வேண்டும். அதையும் வீணாக்க மனமில்லாமல் நோண்டுவன என்று ஓர் இனத்தைப் பிசைந்து அனுப்பிவிட்டார். அந்த இனத்துக்கு உள்குத்தார் என்று பெயர். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் "ஆமாம்" என்பார்கள், அல்லது குடையை எடுப்பார்கள். உள்குத்தார் மட்டும் கண்ணைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றை விரலை மேலே தூக்கி, "இதுல ஒண்ணு இருக்கு" என்பார்.

இருக்கும். அவர் சொல்லிவிட்டால் இருந்துதான் ஆக வேண்டும்.

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டே போனால், "என்னைத்தானே சொல்றே?" என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆகையால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவருக்குத் தொழில் பல் கட்டுவது. பல் வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளை மேசையில் வரிசையாக வைத்து, மெழுகை உருக்கி ஈறு செய்து, அதில் பல்லைப் பதித்து, அரத்தால் ராவி, வழவழவென்று தேய்த்துக் கொடுப்பார். சுத்தமான கைவேலை. இவர் கட்டிய பல்லால் கொட்டை உடைத்துத் தின்றவர்கள் உண்டு. ஆனால் ஒரு பெரியவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்து, "பல்லு நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், அன்றைக்கு அவருக்கு வேலை ஓடாது.

"பல்லு நல்லா இருக்குன்னாரு. அப்ப வேற எது நல்லா இல்ல?"

ஏற்கெனவே கள் குடித்த குரங்கு. அதைத் தேளும் கொட்டினால் என்ன ஆகும்? தேளைக் கொண்டுவந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்கிற கம்பெனியில் படம் வரைகிறவன். கலத்துக்குள் இருக்கும் சுவர், கதவு, நாற்காலி, வழியில் தென்படும் ஆட்கள் எல்லாம் அவன் கைவண்ணம். அவனே அதைக் கொண்டுவந்து மாமாவின் கணினியில் ஏற்றிக் கொடுத்தான்.

"சும்மா ஓட்டிப் பாருங்க மாமா. அங்கங்க ஜோக்கு ஒளிச்சு வச்சிருக்கோம். பழைய சினிமா, பாட்டு, விளம்பரம், எல்லாம் கலந்து. கண்டுபிடிச்சா சிரிக்கலாம்."

ஒளித்து வைத்திருக்கிறார்களாம்! யாரிடம் சொல்கிறான் பாருங்கள்.

அந்த விளையாட்டில் கதை என்று ஒன்று உண்டு. பகைவர்கள் கிரகம் கிரகமாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மருந்து ஏற்றிய கலத்தை நாம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் ஓர் உலகமே அழிந்துபோகும். அழியட்டும். நம்மவர் கலத்தின் கழிவறையில் நின்று, சுவரில் யாரோ கிறுக்கியிருப்பதைப் படித்துக்கொண்டிருப்பார். "உடனே புறப்படுங்கள், தளபதி!" என்று கணினி அலறும். "இருய்யா, படிக்க விடு" என்பார் தளபதி. ஆபத்து மணியின் மெட்டு கருப்பு வெள்ளைக் காலத்துக் காதல் பாட்டின் மெட்டு என்று கண்டுபிடித்தார். அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கலத்தைப் பாறை பாறையாகக் கொண்டுபோய் மோதினார். ஒரு நிலாவின் பள்ளங்களை மேலேயிருந்து பார்த்தால், பழைய சோப்பு விளம்பரத்தில் சிரித்த பெண்ணின் முகம் தெரிகிறது என்றார். உண்மையாகவே தெரிந்தது. அதுவரைக்கும் சரி.

ஒருநாள் விண்வெளி நிலையம் ஒன்றில் ஒரு நாற்காலி பாதி சுவருக்குள் புதைந்து கிடந்தது. சுவருக்குள் பாதி மறைகிற பேயை வைத்து எந்தக் காலத்திலோ வந்த படத்துக்கு இது மரியாதை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி, தம் இனத்தவர் கூடும் கணினிக் குழுவில் போட்டார். "அண்ணே, நீங்க எங்கேயோ போயிட்டீங்க!" என்று கொண்டாடினார்கள். அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள், தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும் என்று சொல்லி நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார்கள். விட்டாரா?

"பாத்தியா? நான் கண்டுபிடிச்சதும் மறைச்சுட்டாங்க!"

சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் இந்த நோய் கணினித் திரையோடு நின்றுவிடுமா?

மச்சினன் வேறு வீட்டுக்குக் குடிபோனான். அக்காளும் மாமாவும் போய் அறை அறையாகப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், குழாயைத் திருகினார்கள், நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்றார்கள். கிளம்பும்போது மச்சினன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்றான்.

மாமாவின் தலை சாய்ந்தது. விரல் மேலே போயிற்று. வயிறு மட்டும் கீழே கூவிக்கொண்டிருந்தது. அதை யார் கேட்கிறார்கள்?

வீடு வரும்வரை மனைவிக்குப் பாடம் நடந்தது. "இருங்கன்னு சொன்னானா? இல்ல. போங்கன்னான். எப்பப் போகணும்? சாப்பிட்டுட்டு. அதாவது, தின்னத்தானே வந்தே, தின்னுட்டு இடத்தைக் காலி பண்ணுங்கிறான்."

"ஐயோ, ஊரு உலகமே அப்படித்தாங்க சொல்லும்!"

"ஊரு உலகம் சொன்னா வேற. ஒளிச்சு வைக்கிறதையே வேலையா வச்சிருக்கிறவன் சொன்னா வேற."

அன்றோடு போக்குவரத்து நின்றது. நீயாவது போய் வா என்று மனைவியை அனுப்பினாரா என்றால், அதுவும் இல்லை. "நீ போனா, நான் வேவு பார்க்க அனுப்பினேன்னு நினைப்பான்." விளையாட்டை மட்டும் விடவில்லை. கோபம் மச்சினன் மேல்தானே? விளையாட்டு என்ன பாவம் செய்தது?

இதற்கிடையில் மச்சினனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது குப்புறக் கவிழ்ந்தது, தலை தூக்கியது, உட்காரப் பழகியது, எல்லாவற்றையும் அக்காள் கைப்பேசிக்குள்தான் பார்த்தாள். கண்ணாடிமேல் விரலால் தடவினால் குழந்தையின் கன்னமா தட்டுப்படும்? அடுத்த படம்தான் வரும். காலையில் விளக்கின் முன்னால் கண் மூடி நிற்கும்போது அந்த அம்மாள் காசு பணம் கேட்பதில்லை. "கடவுளே, என் தம்பி பிள்ளையை ஒரு தடவை மடியில போட்டுக்கணும். இந்த மனுஷனுக்கு நேரான புத்தியைக் குடு" என்பாள். கடவுளுக்கும் அவரை எந்தப் பக்கமிருந்து நிமிர்த்துவதென்று தெரிய வேண்டாமா?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த விளையாட்டில் புதிதாகச் சாப்பாட்டு நிலையம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதன் வாசலில் ஓர் இயந்திர மனிதன். உடம்பெல்லாம் தகரம், வாய் நிறையப் பளபளவென்று பல். உள்ளேயிருந்து சமையல்காரன் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்றான். இயந்திர மனிதன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். ஒற்றை விரலைத் தூக்கினான். "இதுல ஒண்ணு இருக்கு" என்று பல்லை நறநறத்துவிட்டு, பட்டினியாகவே வெளியே போனான். நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வாசலுக்கு வந்தான். மறுபடி சமையல்காரன். மறுபடி விரல்.

மனைவியின் கையில் பாதி மடித்த துண்டு அப்படியே நின்றது. உள்குத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன லூசுய்யா இவன்! சாப்பிடச் சொன்னா சாப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதானே!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

"நீ எப்ப சொன்னே?"

"இவன் யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? பழைய நாடகத்துல வாசல் காக்கிறவன் ஒருத்தன் வருவான். அப்படியே எடுத்திருக்காங்க. நீ துணியை மடி."

அன்று சாயங்காலமே குழுவில் கட்டுரை வந்துவிட்டது. தலைப்பு: இயந்திர மனிதனுக்குப் பல் எதற்கு? நாடகத்து வாசல்காவலன் ஒரு விடை. பற்பசை விளம்பரத்தில் சிரித்த பொம்மை இன்னொரு விடை. பேராசையால் உலகத்தையே மென்று தின்னும் மனித குலம் என்று தத்துவமாகவும் ஒன்று. குழுவே மெய்சிலிர்த்தது. ஒரே ஒரு விடைதான் விட்டுப்போயிற்று. அது அவர் மேசைமேல் மேல்வரிசை, கீழ்வரிசை என்று அடுக்கி வைத்திருந்தது.

மனைவி யோசித்தாள். தம்பி கூப்பிடுகிறான், வாயால் கூப்பிட்டது உறைக்காததால் இப்படிச் சுற்றி வளைத்துக் கூப்பிடுகிறான். அதுவும் உறைக்கவில்லை. நேராகச் சொன்னதைக் கோணலாக எடுத்துக்கொள்கிற மனிதரிடம், கோணலாகவே சொல்லிப் பார்த்தால் என்ன? "ஒரே ஒரு பொய், கடவுளே. பிள்ளைக்காக" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, கீழே பல் ராவிக்கொண்டிருந்தவரிடம் வந்து சொன்னாள்:

"ஏங்க, தம்பி சொல்லி அனுப்பியிருக்கான். குழந்தையைப் பார்க்க நீங்க வர வேண்டாமாம்."

அரம் நின்றது. "என்னது?"

"வர வேண்டாமாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் எப்படி ஆகும்? வர வேண்டாம்னா பேசாம இருந்திருக்கணும். நான்தான் போறதே இல்லையே! போகாதவனைப் போய் எவனாவது வராதேன்னு சொல்லுவானா?" தலை மெல்லச் சாய்ந்தது. "சொல்லி வேற அனுப்பியிருக்கான்..." விரல் எழும்பியது. "அடியே, இதுல ஒண்ணு இருக்கு! அவன் கூப்பிடறான்டி!"

"அப்படியா சொல்றீங்க? எனக்கெல்லாம் எங்கங்க இது தெரியுது!"

"அதுக்கு மண்டை வேணும். சட்டையை எடு."

அவர் சட்டை மாற்றுவதற்குள் அவள் அடுக்களையில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள். "வர்றோம்டா. ரொம்பப் பேசாதே. முக்கியமா, சாப்பாட்டுப் பேச்சே எடுக்காதே. புரியுதா?"

மச்சினன் கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்றான். அதற்குமேல் வாயைத் திறக்கப் பயம். அவன் மனைவி, "வாங்கண்ணா, வாங்கண்ணி" என்று சொல்லிக் குழந்தையை நாத்தனார் மடியில் வைத்தாள். நாத்தனார் குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு மனசில்லாமல் கணவர் மடிக்கு மாற்றினாள். வானிலை, பஸ் கூட்டம், தண்ணீர்த் தொட்டி என்று ஆபத்தில்லாத விஷயங்களாகப் பொறுக்கிப் பேசினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. பழக்க தோஷம், மச்சினன் வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது.

"சாப்பிட்டுட்டுப் போங்க மாமா."

அக்காள் தம்பியைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். மாமாவின் கண் சுருங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒற்றை விரல் மெல்ல, மெல்ல, மேலே கிளம்பியது.

கண்ணுக்கு முன்னால் ஒரு விரல் ஏறுவதைப் பார்த்தால் குழந்தை விடுமா? இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தது. இழுத்தது. வாய்க்குள் கொண்டுபோய் ஒரு கடி.

"இதுல ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் நின்றார். வாழ்நாளெல்லாம் வாயோடு பழகிய விரல் அது. ஈறை ஒரு தடவு தடவியது. மறுபடி ஒரு தடவு. அவர் குரலே மாறிப்போயிற்று.

"இதுல ஒண்ணு இருக்கு! அடேய், நெசமாவே இருக்குடா! பல்லு! கீழ்வரிசையில, நடுவுல. அரிசி முனையாட்டம். தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க!"

பெற்றவளே அதுவரை கவனிக்கவில்லை. ஆளாளுக்கு விரலைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்கள். சிரிப்பு, கூச்சல், குழந்தையின் அழுகை. எல்லாம் அடங்கியபோது மாமா தம் விரலைத் தூக்கிப் பிடித்து எச்சில் வழிய அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமா எழுந்து போய்க் கை கழுவினார். வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். தட்டைத் தம் பக்கம் இழுத்தார். நாலு வாய் உள்ளே போயிற்று.

"மாப்ளே."

"மாமா?"

"அந்த வாசல்ல நிக்கிறானே, உங்க தகரத்து ஆளு. கீழ்வரிசை ரொம்ப முன்னாடி துருத்திக்கிட்டு நிக்குது. அந்த மாதிரி கட்டினா எவனாலயும் மெல்ல முடியாது. பாவம், அதனாலதான் சாப்பிடாமயே போறான். சரி பண்ணி விடு."

"சரி மாமா."

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

அடுத்த முறை விளையாட்டைத் திறந்தவர்கள் கண்டது இதுதான்: இயந்திர மனிதன் உள்ளே உட்கார்ந்து இரண்டாம் தட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு என்ன உள்ளர்த்தம் என்று குழுவில் இன்றுவரை அடிதடி. உள்குத்தார் மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. குணமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று வீடு திரும்பும்போது மனைவி, "இன்னைக்குத்தாங்க மனசு நிறைஞ்சுது" என்றாள். நாலு அடி நடந்தார். "இன்னைக்குத்தான்னா?" என்று விரலைத் தூக்கினார். அதில் எச்சில் காய்ந்த தடம் இருந்தது. என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார்.

இவ்வளவுதான் விஷயம். இதில் ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. இந்தப் பல்காரர் யார், எந்தத் தெரு, உண்மையில் யாரை மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி துருவிக்கொண்டே வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் கடவுள் ஒரு குழந்தையின் வாயைக் காட்டட்டும். மற்றபடி வந்தீர்கள், பொறுமையாகப் படித்தீர்கள், சந்தோஷம். சிரித்துவிட்டுப் போங்கள்.

'போங்கள்' என்றுதானே சொன்னேன்? அதற்கு ஏன் முகம் மாறுகிறது?