பல்லைப் பார்த்துச் சேர்ந்த ஜிம்

“எந்த ஜிம்முங்க?” என்று மனைவி கேட்டபோது வண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பச்சை விழுந்தால் தப்பிக்கலாம் என்று அவன் விளக்கைப் பார்த்தான். விழவில்லை.

“எந்த ஜிம்முன்னா?”

“நீங்க முவே தாய் கத்துக்கிற ஜிம்முதான். எங்கிட்டகூடச் சொல்லாம.”

அவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நடந்தது இதுதான். மனைவியின் அலுவலகத்தில் குடும்பத்தோடு மதிய விருந்து. ஓய்வு நேரத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி மேஜையைச் சுற்றி வந்தது. ஒருத்தியின் கணவர் மாரத்தான் ஓடுகிறாராம். இன்னொருத்தியின் கணவர் மலை ஏறுகிறாராம். மேனேஜர் கடலுக்கு அடியில் போய் மீன்களைப் பார்த்துவிட்டு வருகிறாராம். இவன் முறை வந்ததும் “தூங்குவேன்” என்கிற உண்மை தொண்டை வரைக்கும் வந்து, வாயைத் திறந்தபோது “முவே தாய்” என்று வெளியே வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு போர்டில் தினமும் படிக்கிற சொல். கையாலும் காலாலும், அது போதாதென்று முழங்கையாலும் முட்டியாலும் அடித்துக்கொள்கிற விளையாட்டு என்பது வரை தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அதோடு போயிருக்க வேண்டிய பொய். ஆனால் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாளே ஒரு பார்வை, கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

“சர்ப்ரைஸா வெச்சிருந்தேன்,” என்றான்.

“சனிக்கிழமை நான் வந்து பாக்கறேன்.”

பச்சை அப்போதுதான் விழுந்தது.

அவன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். படிப்புக்காகக் கிடைத்த வேலை இல்லை, பல்லுக்காகக் கிடைத்த வேலை. இன்டர்வியூவில் டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எங்க, சிரிங்க பாப்போம்.” சிரித்தான். “நாளைக்கே வந்துடுங்க,” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு அவன் சிரித்துக்கொண்டிருக்கும் படம்தான் போர்டு. வருகிறவர்கள் எல்லாரும் அவனைப் ‘போர்டு சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பல்லில் ஒன்று போனாலும் போர்டும் போகும், சாரும் போவார்.

இத்தனைக்கும் சிகிச்சை நடக்கிற அறைக்குள் போர்டு சார் ஒருநாளும் போனதில்லை. ஊசியைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் பளிச்சென்று சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று அவர் விசாரித்ததும் இல்லை. ஆனாலும் பல்லைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

ஆகவே இப்போது அவருக்கு ஒரு ஜிம் வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பூப்போல நடத்துகிற ஜிம். முக்கியமாக, பல்லுக்கு ஒன்றும் ஆகாத ஜிம்.

முதலில் பஸ் ஸ்டாப் எதிரே இருந்த ஜிம்முக்கே போனார். டயர் கடைக்கு மேலே மாடி.

“புதுசா சேர்றவங்களுக்கு ஒத்துவருமா மாஸ்டர்?”

“ஏன் ஒத்துவராது? மொத நாள் மெதுவாத்தான் அடிப்போம்,” என்றார் அந்த மாஸ்டர். வார்த்தையோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்து வந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

“அது... பல்லு?”

“இதுவா? நானும் ஒருநாள் புதுசா சேர்ந்தவன்தானே.”

போர்டு சார் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் படி இறங்கினார்.

இரண்டாவது ஜிம்மில் முதல் நாள் இலவசம் என்றார்கள். “நீங்க அடியே வாங்க வேண்டாம் சார். இந்த மெத்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க,” என்று தலையணை மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எதிரே ஒரு கல்லூரிப் பெண் வந்து நின்றாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்ப்பதற்கு வயலின் வகுப்புக்கு வழி கேட்க வந்தவள் போல இருந்தாள். “ரெடியா அங்கிள்?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் உதைத்தாள். மெத்தை அவர் கையிலேயேதான் இருந்தது. அவர்தான் சுவர் ஓரத்தில் இருந்தார்.

அன்று வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

“ட்ரெயினிங்காங்க?”

“ம்.”

“ரொம்ப வலிக்குதா?”

“பழகிப்போச்சு.”

அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒத்தடம் கொடுத்த கையோடு, நொண்டுகிற காலைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறவர். போனில் பேசினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

“மாப்ள, உங்களை என்னமோன்னு நெனச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க. சனிக்கிழமை வண்டிக்கு வேற ஆளைப் போட்டுட்டேன். நானும் வரேன்.”

“எதுக்கு மச்சான் உங்களுக்குச் சிரமம்?”

“சிரமமா? நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லிட்டேன் மாப்ள. அதை வாபஸ் வாங்கணும்.”

என்ன வார்த்தை என்று போர்டு சார் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததும் மெதுவாக டாக்டரம்மாவிடம் போனார்.

“மேடம், ஒருத்தர் அடி வாங்கினவரா இல்லையான்னு பல்லைப் பாத்து சொல்ல முடியுமா?”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, “முன்பல்லு எல்லாம் உடையாம, வரிசையா இருந்தா வாயில அடி விழலன்னு அர்த்தம். ஏன், யாரை அடிக்கப் போறீங்க?” என்றார்.

“சும்மா கேட்டேன் மேடம்.”

போர்டு சாருக்கு அறிவு பளிச்சென்று விழித்துக்கொண்டது. இவ்வளவு நாள் மாஸ்டர்களிடம் போய் வாயால் கேட்டுக்கொண்டிருந்தோமே, அவர்கள் வாயைப் பார்த்தாலே போதுமே. உலகத்தில் எந்த ஜிம்மில் சேருகிறவனுக்கும் இந்த வித்தை தெரியாது. நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே மதிப்பு கூடியது.

மூன்றாவது ஜிம் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. நடத்துகிறவர் ஒரு அம்மா. உள்ளே இரண்டு குடும்பத்தலைவிகள், காதில் கருவி மாட்டிய ஒருவர், ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர், எல்லாரும் மேலே இருந்து தொங்குகிற மணல் பையை ஆளுக்கொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

“ரொம்ப நாளைக்குப் பையைத் தவிர யாரையும் தொடவே விட மாட்டேங்க,” என்றார் அந்த அம்மா. “மொதல்ல நிக்கக் கத்துக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

“சேர்ந்துடுங்க சார்,” என்றார் தபால்காரர். “நான் இங்க அடி வாங்கினது அந்தப் பைகிட்ட மட்டும்தான். குத்தினா திரும்பி வரும்னு எனக்குத் தெரியாது.”

போர்டு சாருக்கு எல்லாம் பிடித்திருந்தது. சேர்ந்துவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா சிரித்தார். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது.

“அது எப்படிங்க உடைஞ்சுது?”

“சோடா பாட்டில் மூடியைப் பல்லால திறந்தேங்க. புத்தி கெட்டுப்போய்.”

போர்டு சார் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இந்த வாரம் முழுக்கப் பொய்யிலேயே குடித்தனம் நடத்துகிற ஆளிடமா இந்தக் கதை? பல்லு பொய் சொல்லாதும்மா என்று நினைத்துக்கொண்டு, “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று நழுவினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனசு விட்டுப்போய்த் திரும்புகிற வழியில், ஒரு அச்சகத்தை ஒட்டிய சந்தில் அந்த நான்காவது ஜிம் கண்ணில் பட்டது. உள்ளே இருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

மாஸ்டர் திரும்பிச் சிரித்தார். போர்டு சார் அப்படியே நின்றுவிட்டார். என்ன பல்லு அது. வரிசையாக, ஒரே உயரம், ஒரே வெள்ளை. பக்கத்தில் நின்ற பயில்வானும் சிரித்தார். அவருக்கும் அதே மாதிரி. கயிறு தாண்டிக்கொண்டிருந்தவர், கீழே உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் கடையில் புதிதாகப் பிரித்து வைத்த மாதிரி பல்லு. ஒருவர் வாயில்கூட ஒரு கீறல் இல்லை.

மாஸ்டரின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு காது கசங்கிப் போயிருந்தது. போர்டு சார் அதைக் கவனிக்கவில்லை. தொழிலில் ஒழுங்கு உள்ளவர். பல்லைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார்.

“மாஸ்டர், இங்க யாருக்காவது பல்லுல பிரச்சினை?”

“எங்க பசங்க யாருக்கும் பல்லுவலியே வந்ததில்ல சார்.”

“எனக்கு வேற எதுவும் தெரிய வேண்டாம் மாஸ்டர். நாளைக்கே சேர்ந்துக்கறேன். என் வைஃபும் மச்சானும் பாக்க வராங்க. ஏற்கெனவே பழகின ஆளு மாதிரி தெரியணும்.”

“அவ்வளவுதானே? நேரா ரிங்லயே ஏத்திடறேன்.”

“மெதுவா...”

“தங்கமான பசங்க சார். வாங்க.”

சனிக்கிழமை காலையில் மனைவியும் மச்சானும் பெஞ்சில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மச்சான் எதுவும் பேசாமல், முட்டிமேல் கையை ஊன்றி, மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அதுவே போர்டு சாருக்குப் பாதி வெற்றி. கையில் சிவப்புக் கையுறை மாட்டி ரிங்கில் ஏறியபோது மனைவி கயிறு வரைக்கும் ஓடிவந்தாள்.

“ஏங்க, பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? இவங்க பல்லைப் பாரு.”

“சண்டைக்கு வந்துட்டு எதுக்குங்க பல்லைப் பாக்கணும்?”

“அதெல்லாம் தொழில் ரகசியம். போய் உக்காரு.”

அவள் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினாள். முகம் முழுக்க அதே பார்வை. போர்டு சாருக்குச் சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. எதிரே நின்ற பயில்வான் பளிச்சென்று சிரித்தார். இவரும் போர்டில் சிரிப்பது போலவே சிரித்தார்.

மாஸ்டர் கையைத் தட்டினார். “சரி, ஆரம்பிக்கலாம். எல்லாரும் ரெடியாகுங்க.”

உள் அறையிலிருந்து, ஜிம்மைப் பெருக்குகிற அம்மா ஒரு தட்டோடு வந்தார். தட்டில் மூடி போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு பேர் ஒட்டியிருந்தது. பயில்வான்கள் பேசாமல் வரிசையில் வந்து நின்றார்கள். முதலில் நின்றவர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டார். டக் என்று ஒரு சத்தம். அந்த அழகான சிரிப்பு அப்படியே வெளியே வந்து டப்பாவுக்குள் உட்கார்ந்தது. அடுத்தவர். அதற்கடுத்தவர். மாஸ்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, டப்பா இரண்டு. கடைசியாக, எதிரே நின்ற பயில்வான் கயிற்றின்மேல் குனிந்து தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போர்டு சாரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். வாய்க்குள் ஒன்றுமே இல்லை.

பெஞ்சில் மனைவியின் போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

அந்த அம்மா தட்டில் மிச்சமிருந்த புது டப்பாவை எடுத்து, முந்தானையால் நன்றாகத் துடைத்து, பேனா மூடியைத் திறந்துகொண்டு போர்டு சார் பக்கம் வந்தார்.

“பேரு என்ன தம்பி? இப்பவே சொல்லிடுங்க, எழுதி ஒட்டிடறேன். அப்புறம் நீங்க சொன்னா எனக்குப் புரியாது.”