மூன்றடி ஆழம்

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு கொல்லைப்புறம் இறங்கினார் ஹெட்கிளார்க். ஆபீசில் அவர் மணியடித்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அவர் நின்றுகொண்டே இருந்தாலும் உட்காரச் சொல்ல ஆள் கிடையாது. தன் பேச்சு நடக்கிற இடம் ஒன்றாவது அவருக்கு வேண்டும். கண் வைத்திருந்தது கொல்லையில் இருந்த பழைய ஷெட்டின் மேல்.

ஷெட்டுக்குள் மனைவியின் ராஜ்ஜியம். பெரிய அண்டா, ஓட்டை வாளிகள், மூன்று சக்கரம் மட்டும் மிச்சமிருந்த குழந்தை வண்டி.

"இதையெல்லாம் வெளிய எடு. இனிமே இது என் பட்டறை."

"பட்டறையில என்ன பண்ணுவீங்க?"

"தச்சு வேலை."

"நீங்க மாட்டின படம் இன்னும் சாஞ்சுதான் தொங்குது."

"செவுரு கோணல். இனி உன் சாமான் ஒண்ணுகூட இதுக்குள்ள நுழையக் கூடாது. சொல்லிட்டேன்."

சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவள் வரவில்லை.

"சரிங்க. ஆனா சாமானை வீட்டுல வைக்க அலமாரி வேணுமே. உங்க கையாலயே செஞ்சு குடுங்க. அது வீட்டுக்குள்ள வந்துட்டா ஷெட் சாவி உங்களுக்கு. நான் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"வரலேன்னா?"

"சாவி என்கிட்ட."

"வரும்," என்றார் ஹெட்கிளார்க்.

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று, ஷெட் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள்.

"உயரம் ஆறடி, அகலம் நாலடி. ஆழம் மட்டும் மூணடிக்கு ஒரு விரல்கடை குறையக் கூடாது. அண்டா நுழையணும். வீட்டுக் கதவு ரெட்டைக் கதவு, தாராளமா உள்ள வரும்."

சாமான்கள் தார்ப்பாயின் கீழ் போயின. ஷெட்டில் ரம்பம் பாடியது. ஒத்தாசைக்கு வந்த மச்சான் மட்டும் ஒரு யோசனை சொன்னான்.

"மாமா, தனித்தனியா அறுத்து வீட்டுல கொண்டுபோய் பூட்டிக்கலாமே?"

"உங்கக்கா சொல்லி அனுப்பினாளா? என் பட்டறையில என் இஷ்டம்."

வீம்புக்கென்றே பசை போட்டு, அதன்மேல் ஸ்க்ரூ முடுக்கி, அதற்கும் மேல் ஆணி அடித்தார். யானை மிதித்தாலும் பிரியாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அலமாரி உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு தூக்கினார்கள். நேராகப் போகவில்லை. பக்கவாட்டில் போகவில்லை. படுக்கப்போட்டுத் தள்ளியும் ஷெட் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

"எல்லாப் பக்கமும் திருப்பியாச்சு மாமா. இனி ஷெட்டைத்தான் திருப்பணும்," என்று மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டீ டம்ளர்களோடு மனைவி வந்தாள்.

"என்னங்க, வரலியா?"

"வரும்."

"பிரிச்சுப் பாருங்களேன்."

"பிரியாது."

அந்த வீட்டில் அவர் சொன்னது அப்படியே பலித்தது அதுதான் முதல் தடவை.

"கூரையைப் பிரிச்சாவது எடுப்பேன்," என்றார், விடாமல்.

"பிரிங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே மரம் இழைக்கலாம்."

சொல்லிக்கொண்டே அவள் தம்பியை விட்டு அலமாரியை உள்சுவரோரம் நிமிர்த்தி வைக்கச் செய்து, வெளியே தார்ப்பாயை விலக்கினாள். அண்டா அலமாரியின் கீழ்த்தட்டில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. வாளிகள் மேலே ஏறின. குழந்தை வண்டிக்குக்கூட இடம் இருந்தது. ஷெட்டில் மிச்சமிருந்த இடத்தில் ஹெட்கிளார்க் நிற்கலாம், ரம்பத்தை இழுக்க முடியாது.

"மூணடி ஆழம் கேட்டது நீதானே?" என்று பல்லைக் கடித்தார்.

"ஆமா. ஷெட் கதவு ரெண்டரையடிதானே. அதைத்தான் முதல்ல அளந்தேன்."

மச்சான் டீயைக் குடிக்கும் சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். ஹெட்கிளார்க்குக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதோட அடங்கிடுவேன்னு நினைக்காதே. அடுத்த ஞாயித்துக்கிழமை கொல்லையிலயே உக்காந்து எனக்குன்னு ஒரு பெரிய மேஜை செய்யறேன். பாத்துக்கிட்டே இரு."

அவள் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாராளமா செய்யுங்க. அளவு நான் எடுத்துத் தரேன்."