ஆறு உடுப்பு மாப்பிள்ளை

வெப்பமான வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்கள் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் செய்கிறேன் (வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு வாய் சும்மா இருக்காது).

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் புவியியல் நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பில் பூமத்தியரேகைக் காலநிலை என்று ஒரு பாடம் வரும். ஆண்டு முழுவதும் கடும் வெப்பம், காற்றில் மிகுந்த ஈரம், பிற்பகலில் இடியுடன் மழை, எடுத்துக்காட்டு மலேசியா. நான்கே வரிதான். அதை ஒப்பிக்கத் தெரியாத பையன்களை பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். "இதுகூட மண்டையில் ஏறாதா?" என்று கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் எண்பத்தேழாம் வருஷம், அதே மலேசியாவுக்கு, கம்பளி போட்டுக்கொண்டு குடியேறப் போனேன்.

போன காரணம் கல்யாணம். பெண் கோமதி, கோலாலம்பூரில் சாலாக் செலாத்தானைச் சேர்ந்தவள். அவளுடைய சின்னம்மா குன்னூரில் எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் மூலமாகப் பேச்சு வந்து, கல்யாணம் குன்னூரிலேயே நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்தது கோமதியின் சித்தப்பா. ஏனென்றால் என் மாமனார் வரவில்லை. அவர் ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்டவாளம் இல்லாத வண்டியில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆகவே அவர் என்னைப் பார்க்கவேண்டுமானால் நான்தான் போகவேண்டும். போய், அவர் வீட்டிலேயே இருக்கவும் வேண்டும்.

அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. இந்தப் பட்டத்தை எங்கள் தெருவில் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். எனக்குத் தூக்கம் போனது இதனால்தான். மாமனார் வீட்டில் எனக்கு மரியாதை இருக்குமா? அது ஒன்றுதான் கவலை. அந்த மரியாதைக்கு வழியும் ஒன்றுதான். போன கையோடு வேலை தேடிக்கொள்ள வேண்டும். மாமனாரின் நண்பர் துரைசிங்கம் என்பவர் பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் சென்டர் நடத்தி வந்தார். "ரிசப்ஷனுக்கு வரேன், ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக என் எதிர்காலம், நான் போனதும் மாமனார் அங்கே வைக்கவிருந்த அந்த ரிசப்ஷன் மேடையில் நான் நிற்கும் தோரணையில் இருந்தது.

புறப்படுவதற்கு முன் கோமதிக்கு (அவள் முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டாள்) நீண்ட கடிதம் எழுதினேன். வெளிநாட்டில் குடியேறும் முன் கவனிக்க வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. காலைப் பேப்பர் முதலில் யார் கைக்குப் போகும்? நான் உட்காரத் தனி நாற்காலி உண்டா? பாசாருக்குப் போகும்போது மாமியாரின் கூடையை யார் தூக்குவது? மைத்துனன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவானா? தட்பவெப்பம் பற்றி ஒரு கேள்வி இல்லை. அது எனக்குத் தெரிந்த பாடமாயிற்றே.

கோமதி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் எழுதியிருந்தாள். 'இங்கே ரொம்ப சூடு, மெல்லிசான காட்டன் சட்டை மட்டும் கொண்டு வாங்க.' நான் அதைப் புதுப்பெண்ணின் அக்கறை என்று எடுத்துக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன். பெரியப்பாவிடம் காட்டியபோது அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்.

"நாலு காட்டன் சட்டையோட போய் நின்னா உன்னை மாப்பிள்ளைன்னு நினைப்பாங்களா, சமையலுக்கு வந்த ஆளுன்னு நினைப்பாங்களா? கோட்டு தச்சுக்கோ."

குன்னூரில் கோட்டு தைக்கும் தையல்காரர்கள் எஸ்டேட் துரைகளுக்குத் தைத்துப் பழகியவர்கள். என் கோட்டைத் தரையில் நிற்க வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். அதற்குத் தோதாக உள்ளே கையில்லாத ஒரு கோட்டு. அம்மா பின்னிய கையில்லாத ஸ்வெட்டர். சட்டை. சட்டைக்குள்ளே முழுக்கைக் கம்பளி பனியன். அதற்குள்ளே சாதா பனியன், ஏனென்றால் கம்பளி அரிக்கும். மொத்தம் ஆறு. குன்னூரில் இது ஆடம்பரம் இல்லை. விசேஷத்துக்குப் போகும் எந்த நல்ல குடும்பத்துப் பிள்ளையும் இப்படித்தான் போவான்.

சுபாங் விமான நிலையத்தில் மாமனார் மாலையோடு நின்றார். மெலிந்த, உயரமான, பேசாத மனிதர். என் கழுத்து மஃப்ளரை நெடுநேரம் பார்த்தார்.

"காய்ச்சலா மாப்பிள்ளை?"

"இல்லைங்க மாமா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் மஃப்ளரைக் கழற்றவில்லை. கழற்றினால் தப்பை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் அல்லவா?

வெளியே வந்ததும் இட்லிப் பானையின் மூடியைத் திறந்தது போல் ஆவி முகத்தில் அடித்தது. நான் அசரவில்லை. மழை வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். நான்கு மணிக்குப் பாடத்தில் சொன்னபடியே இடியோடு மழை வந்தது. நின்றதும் முன்பைவிடப் புழுங்கியது. மழை பெய்தால் குளிரும் என்பது குன்னூரின் சட்டம். அது கடல் தாண்டிச் செல்லாது என்பதை ஆறு வருஷம் புவியியல் நடத்தியவன் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு, ரிசப்ஷன். காலையில் கோமதி ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்தாள். "அப்பா உங்களுக்கு வாங்கினது. இங்க விசேஷத்துக்கு எல்லாரும் இதான் போடுவாங்க." பிரித்தால் பூவும் இலையுமாக ஒரு பாத்திக் சட்டை. பூப்போட்ட சட்டையில் துரைசிங்கத்தின் முன் நின்று வேலை கேட்பதா? அதை அப்படியே அலமாரிக்குள் வைத்துவிட்டு, ஆறையும் வரிசையாகப் போட்டுக்கொண்டேன். கோமதி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவதற்குப் பிறகு வாய் திறந்தாள்.

"ஏங்க, நாம பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தானே போறோம்?"

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் மாடியில் இருந்தது. மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் சனம் வந்து நிறைந்திருந்தது. மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவு, இரண்டு சிவப்பு நாற்காலி, எங்களுக்கு எதிரே வீடியோக்காரர். அவருடைய உதவிக்கு ஒரு விளக்கு. அந்த விளக்கில் அப்பளம் சுடலாம். அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள்.

முதல் அரைமணி நேரம் கம்பீரமாகத்தான் நின்றேன். பிறகு முதுகில் ஓடை ஒன்று ஓட ஆரம்பித்தது. அது முழங்கால் வரை இருந்த கம்பளி சாக்ஸில் போய்ச் சேர்ந்தது. காலை மாற்றி வைத்தபோது உள்ளே சளக்கென்றது.

"கோட்டையாவது கழட்டுங்க," என்றாள் கோமதி, சிரித்த முகம் மாறாமல்.

"துரைசிங்கம் வந்துட்டுப் போகட்டும்."

துரைசிங்கம் வந்தார். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி, வகுப்பை அடக்கிப் பழகிய நடை. மேடையேறிக் கை நீட்டினார். அவருக்காக ஒரு வாசகத்தை ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்தேன். கையைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தேன். விளக்கு இரண்டானது, நான்கானது. துரைசிங்கமும் நான்கானார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் வீடியோ கேசட்டில் தெளிவாக இருக்கிறது. நான் சரிகிறேன். அவர் கையை விடவில்லை. அவரும் என்னோடு மண்டி போடுகிறார். மைத்துனன் சேகர் மேடைக்குத் தாவுகிறான். லோரி ஓட்டுகிறவன், எதையும் பிரித்துப் பார்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை உள்ளவன்.

"காத்து விடுங்கலா. கோட்டைக் கழட்டு." கோட்டு போகிறது.

"இன்னொரு கோட்டு இருக்குண்ணே," என்கிறான் உதவிக்கு வந்த ஒரு பையன். அதுவும் போகிறது.

"ஸ்வெட்டர்லா இது." சேகர் நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்க்கிறான். "அப்பா, ஸ்வெட்டர் போட்டிருக்காரு."

சட்டையைக் கழற்றியதும் கூட்டத்தில் நிம்மதி. கம்பளி பனியன் தெரிந்ததும் நிம்மதி போய்விட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். யாரோ, "அஞ்சு," என்று எண்ணினார்கள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள், விருந்துக்குக் கரைத்து வைத்திருந்த ரோஜா சர்பத்தான சிராப் வாளியைத் தூக்கி வந்து ஐஸோடு என் தலையில் கவிழ்த்தார். சிவப்பாக வழிந்ததைப் பார்த்து ஒரு ஆன்டி அழத் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவில் வீடியோக்காரர் விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

கண் விழித்தபோது பனியனோடு சிவப்பு நாற்காலியில் கிடந்தேன். தலையிலிருந்து ரோஜா வாசனை வந்தது. எதிரில் துரைசிங்கம், கையில் என் கம்பளி பனியன். யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மாஸ்டர் ஊர்ல என்ன சப்ஜெக்ட் எடுத்தீங்க?" என்று கேட்டார். பேச்சை மாற்றி என்னைத் தேற்றலாம் என்ற நல்ல எண்ணம்தான்.

கோமதிதான் சொன்னாள், "ஜியாகிரஃபி, அங்கிள்."

அவர் பனியனைப் பார்த்தார். மேடையில் குவிந்திருந்த மற்றதைப் பார்த்தார். "ஜியாகிரஃபி," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். இருநூறு பேர் எனக்காக வருத்தப்பட்டார்கள். வேலை போயிற்று, மரியாதை போயிற்று, அடுத்த விமானம் எப்போது என்று கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அழவும் செய்தேன். சிராப் வழிந்துகொண்டிருந்ததால் வெளியே தெரிந்திருக்காது.

அப்போதுதான் மாமனார் மேடைக்கு வந்தார். தான் போட்டிருந்த பாத்திக் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உதறி என் தோளில் போட்டார். அவர் பனியனில் இடுப்பருகே ஒரு ஓட்டை இருந்தது.

"போடுங்க மாப்பிள்ளை. ஆளுங்க இன்னும் பாக்கி இருக்காங்க."

"மாமா, நீங்க..."

"எனக்குச் சூடு," என்றார்.

பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களை ஓட்டைப் பனியனோடு கைகூப்பி வரவேற்றார். ரிசப்ஷனுக்கு மாமனார்கள் இப்படித்தான் உடுத்துவது வழக்கம் என்பது போல நின்றார். ஒருவரும் அவரிடம் காரணம் கேட்கத் துணியவில்லை. மரியாதை என்று நான் எதையெதையோ நினைத்துக் கடிதம் எழுதியிருந்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

துரைசிங்கம் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது மீண்டும் மேடைக்கு வந்தார். இந்த முறை கை கொடுக்கவில்லை, கும்பிட்டார்.

"செவ்வாய்க்கிழமை வாங்க மாஸ்டர். ஹிஸ்டரிக்கு ஆள் வேணும்."

"சார், நான் ஜியாகிரஃபி..."

"வேணாம் மாஸ்டர். ஹிஸ்டரில எல்லாரும் ஏற்கனவே செத்துட்டாங்க. நீங்க தப்பாச் சொன்னாலும் யாருக்கும் ஆபத்தில்ல."

இருபத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தினேன். பூகோளப் படத்தைச் சுவரில் மாட்டக்கூட அவர் என்னை விடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஒரே ஒரு காட்டன் சட்டையில், வேலைக்குக் கிளம்பினேன். மாமனார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"மாப்பிள்ளை, உள்ள எத்தனை?"

"ஒண்ணுதான் மாமா."

"சரி, போய்ட்டு வாங்க."

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று மாமியார் சொல்வார். மாமனார் அதைப் பதினேழு வருஷம், ஒரு நாள் விடாமல் சொன்னார். அவர் போன மறுநாள் காலை நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றேன். கோமதி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே கேட்டாள்: "உள்ள எத்தனை?"