இரவல் வறுமை

நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வயது, குடியுரிமை, தெளிந்த புத்தி ஆகியவை இருந்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் பழையது. இப்போதைய நாகரிகப்படி கஷ்டமான இளமைப் பருவம் ஒன்றும் தேவை.

எங்கள் தொகுதி வேட்பாளரிடம் அது ஒன்றுதான் இல்லை. அப்பாவுக்கு ஊரைச் சுற்றிக் குளிர்பதனக் கிடங்குகள். மகன் வளர்ந்ததும் கிட்டத்தட்ட அதே குளிரில்தான். பிரசார ஆலோசகர் ஒரு மதியம் முழுக்க அவரைக் குடைந்தெடுத்தார்.

"சின்ன வயசுல பட்டினி கிடந்திருக்கீங்களா சார்?"

"ஒரு தடவை. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயித்துல வரச் சொன்னாங்க."

"ஸ்கூலுக்கு நடந்து?"

"கார் பஞ்சரான அன்னிக்கு நடந்தேன். அதுக்குள்ள இன்னொரு கார் வந்துடுச்சு."

ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை வெச்சுக்கிட்டு நகராட்சிக்குக்கூட நிக்க முடியாது சார்."

அந்த நேரம் பார்த்து வேட்பாளரின் டிரைவர் சட்டையெல்லாம் நனைந்து உள்ளே வந்தார். எங்கள் தெருக்காரர். வீட்டுக்குக் குடிதண்ணீர் சுமந்துவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார்.

"எத்தனை வருஷமா சுமக்கறே?" என்று ஆலோசகர் நிமிர்ந்தார்.

"ஏழு வயசுலேர்ந்துங்க."

"அப்பா?"

"மூட்டை தூக்குவாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாருங்க."

"அருமை! அருமை!" என்றார் ஆலோசகர். டிரைவரின் தோளில் கை போட்டார். "உன் சின்ன வயசை ஐயாவுக்குக் குடுத்துடு. ஜெயிச்சதும் முதல் வேலையா உங்க தெருவுக்குக் குழாய்."

டிரைவர் ரொம்ப யோசிக்கவில்லை. குடத்தோடு வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் மனைவிக்கு இடுப்பு வலி தீரவே இல்லை. "அது எனக்கு எதுக்கும் உதவலீங்க, எடுத்துக்குங்க. குழாய் மட்டும் வந்தாப் போதும்."

மறுநாளே வேட்பாளர் தன் வீட்டுப் புல்தரையில் குடம் சுமந்து பழகத் தொடங்கினார். உடல்நலன் கருதிக் காலிக் குடம். கொள்கை முன்னுரிமைகள் பின்புலத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பதால் முதல் முன்னுரிமை குடிநீர் என்றும், அடுத்தது குடிநீர் பற்றிய ஆய்வு என்றும், அதற்கடுத்தது அந்த ஆய்வை ஆராயும் குழு என்றும் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

கூட்டம் எங்கள் தெருவிலேயே நடந்தது. "இதே மண்ணுலதான், ஏழு வயசுல, அப்பா முகத்தைக்கூடப் பாக்காத நான்..." என்று நிறுத்தி, அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவே அழுதது. டிரைவரும் அழுதார், யாரோ தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன கஷ்டம் பட்டிருக்காரு பாருங்கண்ணே. நீங்களும்தான் இருக்கீங்களே, ரெண்டு குடம் தூக்கிட்டு எப்பப் பாத்தாலும் ஒரே புலம்பல்."

வேட்பாளர் அமோகமாக ஜெயித்தார். ஆலோசகர் அவருக்குச் செயலாளர் ஆனார். மனைவி நச்சரித்ததில் டிரைவர் ஒருநாள் செயலாளரின் அறைக்குள் போய்க் குழாயைப் பற்றிக் கேட்டார்.

"குழாய் போட்டா தெருவைத் தோண்டணும் இல்லே?"

"ஆமாங்க."

"அங்கதான் சிக்கல். தலைவர் தண்ணி சுமந்த மண் அது. நினைவிடம்னு அரசாணை போட்டாச்சு. இனிமே கடப்பாரை படக் கூடாது."

"சுமந்தது நானுங்க!"

"மெதுவாப் பேசு. அப்படிச் சொல்றது இப்போ அவதூறு."

டிரைவர் வயிறெரிந்து திரும்பினார். தெருவையே திரட்டிப் போராடுவதென்று வீடு வீடாகப் போய் எங்களையெல்லாம் கூப்பிட்டார். நாங்களும் கூடினோம். ஆனால் அதற்குள் எங்கள் தெருவைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஜனம் வரத் தொடங்கியிருந்தது. தையல்காரர் மிஷினை மூட்டை கட்டிவிட்டுத் தலைவர் படம் போட்ட குட்டிக் குடங்கள் விற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வாசலில் ஆளுக்கொரு கடை.

"குழாய் வந்துட்டா அப்புறம் எவன் வருவான் இந்தத் தெருவுக்கு?" என்று கேட்டார் தையல்காரர். நியாயமான கேள்வி. வரலாற்றுச் சிறப்பைக் காக்கும் பொருட்டு, குழாய் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். டிரைவரின் எதிர்ப்பை, மரபு கருதி, ஏகமனதிலேயே சேர்த்துக்கொண்டோம்.

கூட்டம் கலையும்போது டிரைவரின் மனைவி தண்ணீரோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தையல்காரர் ஓடிப்போய் அவரை நிறுத்தினார்.

"அண்ணி, குடத்தை இடது இடுப்புக்கு மாத்துங்க. தலைவர் அப்படித்தான் தூக்குவாரு."

வலி இருந்தது இடது இடுப்பில்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினார். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். விருந்தாளிகள் தட்டும்போது நாங்கள் சும்மா நிற்பது மரியாதை இல்லையே, நாங்களும் தட்டினோம்.