தண்டம் கேட்டு வந்த சேவல்காரர்

கொல்லிமலையிலிருந்து எத்தனையோ பேர் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். எனக்குத் தண்டம் போடுங்கள் என்று கேட்டுச் சண்டை பிடித்தவர் சேவல்காரர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. எனக்குத் தெரியாது. கக்கத்தில் எப்போதும் ஒரு சிவப்புச் சேவல் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

சர்க்கார் எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடிவிட்ட காலம் அது. கடையைத்தான் மூடினார்கள், மலையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களுக்குக் குறைவில்லை. சேவல்காரர் வீட்டில் இருந்த சாமையைக்கூட விற்றுக் குடித்தார். அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு வாசலூர்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். குடியை விட்டால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்தச் சமயத்தில் மலைக்கு வந்த உப்பு வியாபாரி ஒருவர் சேவல்காரரிடம் ஒரு சேதி சொன்னார். காளப்பநாயக்கன்பட்டியில் வாரச் சந்தை கூடும் நாளில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவராக எழுந்து நின்று ‘நான் குடித்தேன்’ என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்றார். எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றால் சேவல்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பஞ்சாயத்து. அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் தப்புச் செய்தவன் ஒரு சேவலைத் தண்டமாகக் கொடுப்பான். அதை ஆக்கி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் வழக்கு தீர்ந்தது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஆகவே இருந்ததில் நல்ல சேவலாகப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினார். எங்கே கூடுகிறார்கள் என்பதைக் கேட்க மறந்துவிட்டார்.

முதல் சந்தையில், பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு வீட்டைப் பார்த்ததும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அது பெண் பார்க்கிற இடம். “வேற ஏதாச்சும் பேசோணுங்களா?” என்று பெரியவர் ஒருவர் கேட்க, இவர் எழுந்தார்.

“நான் குடிச்சனுங்க. ஊட்டுச் சாமையை வித்துக் குடிச்சனுங்க.”

மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நிஜத் தாய்மாமன் வாசல்வரை ஓடி, ஒவ்வொருவருக்கும் வாயை ஊதிக் காட்டித்தான் அந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்றினார்.

அடுத்த சந்தையில் ஒரு வரிசையைப் பார்த்து அதில் போய் நின்றார். அது அம்மை குத்துகிற வரிசை. தன் முறை வந்ததும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குத்துகிறவர் கையைப் பிடித்துக் குத்தி அனுப்பினார். தண்டம் இதுதானோ என்று சந்தோஷப்பட்டாராம், சேவலை வாங்கிக்கொள்ளாததுதான் இடித்ததாம்.

அவர் தேடிய கூட்டம் எங்களுடையதுதான். நாங்கள் கூடிய இடம் அவர் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. மூடிப்போன கள்ளுக்கடைக் கொட்டகையில்தான் கூடினோம். வேறு யாரும் எங்களுக்கு இடம் தரவில்லை. கள்ளுக்கடைப் பக்கமே திரும்புவதில்லை என்று சத்தியம் செய்திருந்த சேவல்காரர், அந்த இடம் வந்தால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடுவார். மிளகு மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த நான், சாயங்காலம் கூட்டத்துக்குச் சுக்குக்காப்பி ஊற்றப் போவேன். வாராவாரம் வெளியே ஒரு துண்டு ஓடுவதைப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்த ஓட்டத்தில் சேவல் நழுவிக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெளியே நின்று சேவலைக் கேட்டார். உள்ளே வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். வர மாட்டேன், நான் குடியை விட்டவர்களைத் தேடி வந்தவன் என்றார்.

“அவங்கதானுங்க இங்க உக்காந்திருக்கறாங்க” என்றேன்.

துண்டை மெதுவாக விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உள்ளே வந்தார். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுச் சேவலை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. இங்கே தண்டமெல்லாம் கிடையாது என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“தண்டம் போடாம உட்டா என்னோட வழக்கு எப்படீங்க தீரும்? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசலூர்பட்டிக்குப் போவேன்?”

எங்களில் மூத்தவர் ஒரு தறிக்காரர். அவரும் ஒரு காலத்தில் அதே கொட்டகையில் விழுந்து கிடந்தவர்தான். சேவலை வாங்கித் தடவிக் கொடுத்தார்.

“இன்னிக்கே இதை அடிச்சுத் தின்னுபோட்டா உங்க வழக்கு முடிஞ்சுபோகும். அப்புறம் நீங்க வரமாட்டீங்க. சேவல் இருக்கட்டுமுங்க. அடுத்த சந்தைக்கும் கொண்டாங்க.”

அப்படியே கொண்டுவந்தார். வாரம் தவறாமல் சேவலும் வந்து எங்கள் பேச்சுக்கு நடுவே கூவியது. ஒருமுறை மலையில் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டார். அதையும் அவரே வந்து சொல்லி, இன்னொரு சேவல் பிடித்து வரட்டுமா என்று கேட்டார். இந்த ஒன்றுக்கே தீனி போட்டு மாளவில்லை என்றோம்.

இந்தச் சேதியெல்லாம் வாசலூர்பட்டிக்கு எட்டியது. ஒரு சந்தை நாளில் அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். கணவரைப் பார்க்கவில்லை. தறிக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏனுங்க, அந்தச் சேவலை எப்ப அடிப்பீங்க?”

“உங்க ஊட்டுக்காரரு இனி வரவே வேண்டாங்கற அன்னிக்கு, அம்மணி.”

அந்த அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்தார். சேவலைப் பார்த்தார்.

“அப்ப அது கெழடு தட்டியே சாகட்டுங்க” என்று சொல்லிவிட்டு, குழந்தையைக் கணவர் கையில் கொடுத்தார். மூவரும் அன்றைக்கே ஒன்றாக மலையேறினார்கள்.

அதற்குப் பிறகும் அவர் கூட்டத்துக்கு வருவதை விடவில்லை. அடைமழையில் அவர் இறங்கிவர நேரமாகும் நாட்களில், நான் காப்பியை ஊற்றாமல் அடுப்பிலேயே வைத்திருப்பேன். யாரும் ஊற்றச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.