யாரோ ஒருவரும் ஒரு சுவர்க் கடிகாரமும்

மூன்றாம் தேதி, செவ்வாய். இன்றைய தவறு: ‘தூ லு மோந்த்’ என்றால் எல்லாரும். அதற்குப் பன்மை வினை போட்டுவிட்டேன். ஒருமைதான் சரி. பிரெஞ்சில் எல்லாரும் சேர்ந்தால் ஓராள். மற்றவை: காலையில் போனதும் பட்டறைக் கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றினேன், ஸ்டூல் ஆடியது. நோட்டில் சிவப்புக் கோடு ஒன்று. போன வாரம் மூன்று.

இந்த நோட்டுக்குச் சொந்தக்காரியைப் பட்டறையில் ‘நோட்டு’ என்றே கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை அது. தேய்த்து வந்த லென்ஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்பது அவள் வேலை. கீறல் இல்லையென்றால் இரண்டாம் முறை பார்ப்பாள். சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மூன்றாம் முறையும் பார்ப்பாள். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுக்கிற ரகம். கைக்கடிகாரத்தைக்கூட நம்பாமல் கொஞ்சம் முன்னே ஓடவிட்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் பிடிவாதமாகச் செய்த ஒரே காரியம், செவ்வாய் வெள்ளி மாலைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போவது. எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. விட்டுவிடேன் என்றால் மட்டும் முறைப்பாள். ஆறு மணிக்கு டீச்சர் கதவைச் சாத்திவிடுவார். சாத்திய கதவை மூன்று முறை பார்த்தவர் பெயரை அடித்துவிடுவார். ஐந்தரைக்குப் பிறகும் கடைசி லென்ஸை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்பியதில் நோட்டு இரண்டு முறை பார்த்தாயிற்று. ஆனால் இந்தப் பத்து நாளாக அவள்தான் வகுப்பில் முதல் ஆள். ‘நடை வேகம் கூடியிருக்கிறது’ என்று பெருமையாகக் குறித்தும் வைத்திருந்தாள்.

பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, சூப்பர்வைசர் பட்டறையின் நடுவே வந்து நின்றார்.

முந்தின நாள் மாலை ஐந்து இருபத்தைந்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருக்கிறது. எடுக்க ஆளில்லை. ஐந்தரை வரை வேலை செய்ய வேண்டிய பட்டறை பூட்டிக் கிடந்திருக்கிறது. காரணம் தேடினால், சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது.

அங்கே போனும் கைக்கடிகாரமும் உள்ளே வரக்கூடாது. லென்ஸில் கீறல் விழும் என்று வாசல் தட்டிலேயே வைத்துவிட வேண்டும். வருகிற நேரத்தை வெளிவாசல் மெஷின் குறித்துக்கொள்ளும். போகிற நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம்தான் கடைசி வார்த்தை. இது சூப்பர்வைசரே போட்ட சட்டம்.

“யாரு கை வச்சது?” என்றார்.

நோட்டு மெல்லத் திரும்பி பேக்கிங் அண்ணனைப் பார்த்தாள். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் ஓடுகிறவர், கொஞ்ச நாளாக ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தார். அவரும் அவளைப் பார்த்தார், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஆக, ஆள் இவர்தான். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. புரியுதா?” என்று பாலிஷ் அக்கா காதோரம் கிசுகிசுத்தாள்.

“நான் ஏங்க்கா சொல்லப்போறேன்?”

சொல்ல மாட்டாள். இன்னார் என்று காட்டாத பிரதிப்பெயர்களைப் பற்றி டீச்சர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்: அவை யாரென்று தெரியாதவர்களுக்கு மட்டுமில்லை, தெரிந்தும் சொல்ல மனமில்லாதவர்களுக்கும்தான். கெல்கன், யாரோ. பெர்சோன், யாருமில்லை. ஷாகன், அவரவர். நாலாவது அந்த எல்லாரும். நாலே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கோட்டையே கட்டலாம் என்று அவளுக்குப் பட்டது.

“யாரோ வச்சிருக்காங்க சார்” என்றாள் தலை நிமிர்ந்து.

“யாரோன்னா? ரெண்டு பேரா, மூணு பேரா?”

“ஒருத்தர்தான். அது ஒருமை சார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆள் ஒருவர்தான் என்று சூப்பர்வைசருக்கு இப்போது உறுதியாகிவிட்டது. உடனே இரண்டாவது சொல்லுக்குத் தாவினாள். யாருமே தொடவில்லை, கடிகாரம் தானாகவே முந்தியிருக்கும் என்றாள். அவர் எதிர்த் தெருக் கடிகாரக்காரரை வரவழைத்தார். வந்தவர் முள்ளைத் திருப்பிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, கடிகாரம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, யாரோ கைப்பட வைத்த நேரம்தான் இது என்று அடித்துச் சொன்னார். சூப்பர்வைசர் அதைச் சாட்சிப் பொருளாகத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது.

மதியம் அவளே ஒரு யோசனை சொன்னாள்: அவரவர் தனித்தனியாக எழுதித் தரட்டும். அண்ணன் தன் காகிதத்தில் எதையாவது எழுதித் தப்பித்துக்கொள்வார் என்பது கணக்கு. ஆறு காகிதம் வந்தது. ஆறிலும் ஒரே சொல்: யாரோ.

அவளுக்கு மெய் சிலிர்த்தது. தன் தைரியம் இப்படி ஊரையே தொற்றிக்கொள்ளும் என்று அவள் நினைக்கவில்லை. சூப்பர்வைசருக்கு வேறு மாதிரி சிலிர்த்தது.

“கூட்டுச் சேர்ந்துட்டீங்க. இப்போ கடைசியா கேக்கறேன்.”

“எல்லாரும்தான் சார்” என்று எழுந்து நின்றாள் நோட்டு. “நீங்களும்தான். நீங்களும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தானே வீட்டுக்குப் போனீங்க?”

பின்வரிசையில் யாரோ இருமலாக்கி ஒரு சிரிப்பை விழுங்கினார்கள். சூப்பர்வைசர் காது நுனி வரை சிவந்தார். அப்படியானால் எல்லாரும் இருக்கட்டும், பெயர் வருகிற வரை ஒருவரும் வெளியே போக முடியாது என்று தாழ்ப்பாளைப் போட்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

மணி பார்க்கக் கடிகாரம் இல்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. பக்கத்துப் பட்டறை ஷட்டர் இறங்கியது, அப்படியானால் ஐந்தரை. அண்ணனுடைய பஸ் போகிற சத்தம் கேட்டது. குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விட்டிருந்த பாலிஷ் அக்கா நகத்தைக் கடித்தாள். நோட்டு மனசுக்குள் வகுப்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னால் ஓடிவிடலாம். ஒரு பெயர். சொல்ல மாட்டேன் என்று லென்ஸ் டப்பாவை நகர்த்தி வைத்தாள். மறுபடி அக்காவின் நகத்தைப் பார்த்தாள்.

பிறகு நேராக நடந்து போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“நான்தான் சார்.”

இதைவிடப் பெரிய பொய்யை அவள் சொன்னதில்லை. பட்டறையே பதறும், அண்ணன் கண் கலங்கி ஓடி வருவார் என்று காத்திருந்தாள். யாரும் பதறவில்லை. பாலிஷ் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கும் பசி. நாளையிலிருந்து ஒரு மாதம் பத்து நிமிடம் முன்னாடி வந்து கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லித் தாழ்ப்பாளை நீக்கினார்.

தட்டிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்தாள். சரியாக ஆறு. டீச்சர் இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பார். மூன்றாவது முறை. ஓடி என்ன பயன் என்று வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனாலும் வருத்தமில்லை, ஒருவரைக் காப்பாற்றியாயிற்று.

“பரவால்லைண்ணே, உங்க பேரு கடைசி வரைக்கும் வரலை” என்றாள், தன்னைத் தாண்டிப் போன பேக்கிங் அண்ணனிடம்.

அவர் நின்றார். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“என் பேரா? அன்னிக்கு பாட்டரி மாத்தி, தட்டுல வைக்கறதுக்கு முன்னாடி இந்த வாட்ச்சைப் பார்த்து, அதே ஸ்டூல்ல ஏறி நீ முள்ளைத் திருப்பினதை நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். நீ கிளாஸுக்காகத்தான் பண்றேன்னு நினைச்சு நாங்க வாயை மூடிட்டு இருந்தா, நீ என்னம்மா எனக்கு சமாதானம் சொல்றே? இப்போ நிஜ மணி அஞ்சு அம்பது. ஓடு.”

பதின்மூன்றாம் தேதி, வெள்ளி. வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்து ஐம்பத்தெட்டு. இன்றைய தவறு: பிரதிப்பெயரில் இல்லை. நாளை: பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பட்டறைக் கதவைத் திறக்க வேண்டும். கைக்கடிகாரத்தைத் திருத்தக் கூடாது.