சின்னவங்க முதல்ல

இளைஞர்களைக் கூட்டத்துக்கு இழுத்து வராமல் இனி முகச்சவரம் செய்வதில்லை என்று அவர் சபதம் எடுத்தபோது, அவருடைய இடது கன்னம் வழவழவென்று இருந்தது. வலது கன்னத்தில் நுரை இருந்தது.

"சபதத்தை ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்திருக்கலாமே?" என்றாள் மனைவி, இடுப்பில் குழந்தையோடு.

"உணர்ச்சி நேரம் பார்த்தா வரும்?"

"உணர்ச்சி வரலாம். ஆபீசுக்கு இந்த முகத்தோட போகலாமா?"

போனார். சுகாதாரத் துறையில் அவர் மக்கள் தொடர்பு அதிகாரி. வீட்டோடு மட்டும் தொடர்பே கிடையாது என்பது மனைவியின் கட்சி.

துறை ஒரு பெரிய சீர்திருத்தத்துக்குக் கிளம்பியிருந்தது. தெருமுனைகளில் இருக்கும் சின்ன கிளினிக்குகளையெல்லாம் மூடிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரே பெரிய ஆஸ்பத்திரி. மற்றதற்கெல்லாம் போனில் டாக்டர். ஆனால் மக்களைக் கூட்டி, முக்கியமாக இளைஞர்களைக் கூட்டி, விவாதம் நடத்தி, கருத்துக் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்று மேலிடத்து விதி.

முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் தலைமுடி கறுப்பாக இருந்தது மைக் செட்காரருக்கு மட்டும்தான். அதுவும் சாயம். முதலில் பேசிய பெரியவர் முழங்காலில் ஆரம்பித்தார். அடுத்தவர் இடுப்புக்கு ஏறினார். மூன்றாமவர் கழுத்தை எட்டுவதற்குள் மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

"அடுத்த கூட்டத்துக்கு இளைஞர்கள் வரணும்," என்றார் மேலதிகாரி. "வரலேன்னா நீயும் வர வேண்டாம்."

சபதம் பிறந்த கதை இதுதான்.

அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: "ஏங்க, மூடப்போறதுல நம்ம முனை கிளினிக்கும் உண்டா?"

"மூடறதுன்னு சொல்லக் கூடாது. ஒருங்கிணைக்கிறது."

"சரி. ஒருங்கிணைச்ச பிறகு கதவு திறந்திருக்குமா?"

அவர் யோசித்தார். "கதவு இருக்கும்."

அவள் மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். போன மழைக்காலத்தில் குட்டிக்குக் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓட, அவர் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அவள் செருப்புமாகப் பின்னால் ஓடினார். நடுராத்திரியிலும் முனை கிளினிக்கில் விளக்கு எரிந்தது. நர்ஸம்மா குழந்தையை வாங்கிக்கொண்டார். குட்டி பிழைத்தது. அன்றிலிருந்து அவள் கை, அவளைக் கேட்காமலே, மூச்சுக்கு மூச்சு குழந்தையின் நெற்றிக்குப் போய்வரும்.

"மறுபடி அந்த மாதிரி வந்தா?"

"போன்ல டாக்டர் வருவார். முகத்தைப் பார்த்தே பேசலாம்."

"அன்னிக்கும் வீட்டுல போன் இருந்துச்சே. ஒரு நம்பர் அமுக்க விரல் நின்னுச்சா?"

நிற்கவில்லை. போன் என்று நினைத்து அவர் காதில் வைத்திருந்தது சோப்பு டப்பா. இதை வெளியில் சொல்வதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

பேச்சை மாற்றினார். "என் கவலை எனக்கு. கம்ப்யூட்டர் கிளாஸ் பசங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன். இலவச டீ சர்ட், போனுக்கு சார்ஜ். தலையை நிமிர்த்தவே மாட்டாங்க. வாயைத் திறக்கலேன்னா சம்மதம்னு அர்த்தம். ஆனா அந்த முழங்கால் பெருசுங்களை என்ன பண்றது?"

"முப்பது தாண்டினவங்க, சின்னவங்க எல்லாரும் பேசி முடிச்ச பிறகுதான் வாயைத் திறக்கணும்னு வெச்சா?"

அவர் சட்டென்று எழுந்தார். அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நின்றார். "எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்திருக்கு!"

"அய்யோ, என்னங்க?"

"முப்பது தாண்டினவங்க, சின்னவங்க பேசின பிறகுதான் பேசணும்!"

"எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ!" என்று மோவாயில் கை வைத்தாள். "இளசுங்களுக்கு நாற்காலி பிடிக்காதுங்க. தரையில மெத்து மெத்துன்னு விரிப்பு போடுங்க."

"அதையும் நானே நெனச்சேன்."

"மத்தியானமா வைங்க. ஓரமா ஒரு கெட்டில்ல வெந்நீர்."

"டீக்குத்தானே? எல்லாம் மனசுல இருக்கு."

மறுநாளே சுவரெங்கும் போஸ்டர். 'சின்னவங்க முதல்ல! முப்பதைத் தாண்டியவர்கள் கடைசியில்!' மேலதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அரைத்தாடி முகம் முழுதாக மலர்ந்தது.

கூட்டத்தன்று கம்ப்யூட்டர் கிளாஸ் பையன்கள் வந்தார்கள். டீ சர்ட்டை மாட்டினார்கள், போனைச் செருகினார்கள், தலையைக் குனிந்தார்கள். பெரியவர்கள் பின்வரிசையில் கறுவிக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "இளைஞர்களே! உங்கள் கருத்து என்ன?"

மௌனம். இனிமையான, சம்மதமான மௌனம்.

அப்போதுதான் கதவு திறந்தது.

முதலில் பக்கத்து வீட்டுத் தையல்காரி, தோளில் மூன்று மாதக் குழந்தையோடு. பின்னால் பேக்கரிப் பெண். கூரியர்காரத் தம்பி, நெஞ்சில் கட்டிய பையில் பார்சலுக்குப் பதில் மகன். இன்னும் தெருவே வந்தது. மெத்து விரிப்பில் குழந்தைகள் தவழ்ந்தன. கெட்டில் வெந்நீரில் பால் பவுடர் கரைந்தது. வந்தவர்களில் முப்பதைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை.

கடைசியாக அவருடைய மனைவி வந்தாள். "கொஞ்சம் பிடிங்க," என்று குட்டியை அவர் கையில் வைத்தாள். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள். "எனக்கு நாலு பேர் முன்னாடி பேசப் பயம். ஆனா அதைவிடப் பெரிய பயம் வீட்டுல இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லல. போன் டாக்டரும் வரட்டும். ராத்திரி குழந்தை நெத்தி கொதிச்சா, ஓடிப்போற தூரத்துல ஒரு கதவு திறந்திருக்கணும். விளக்கு எரியணும். மூடறதா இருந்தா, அந்த நேரத்துல நான் எங்கே ஓடணும்னு முதல்ல சொல்லுங்க."

டீ சர்ட் பையன்களில் ஒருவன் காதிலிருந்து ஒயரை உருவினான். "எனக்கு வீசிங் இருக்கு. மூச்சு முட்டும்போது நானும் அங்கேதான் ஓடுவேன். அதையா மூடறீங்க?" இன்னொருவன் எழுந்தான். "அப்ப எங்கம்மாவுக்கு ஊசி?" போன்கள் தனியாகச் சார்ஜ் ஏறின. பின்வரிசையில் முழங்கால் பெரியவர் வலியை மறந்து எழுந்து நின்று கைதட்டினார்.

"பதில் சொல்லுய்யா!" என்று மேலதிகாரி இடித்தார்.

அவர் தொண்டையைச் செருமினார். "அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?" என்றாள் தையல்காரி.

"முப்பத்திநாலு."

மண்டபம் மொத்தமும் போஸ்டரைக் கை காட்டியது. அவர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார். அவருடைய உள்ளங்கை, அவரைக் கேட்காமலே, குட்டியின் நெற்றியில் இருந்தது. மைக்கில் அவள் மறுபடி பேசி முடித்தபோது குட்டி கைதட்டியது. அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிடித்துத் தட்டியது யார் என்று மேலதிகாரி கவனிக்கவில்லை.

விதி விதிதான். இளைஞர்கள் சொன்னது சொன்னபடி மேலிடத்துக்குப் போனது. கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எந்த கிளினிக்கின் ராத்திரிக் கதவையும் மூடக் கூடாது என்று உத்தரவு திரும்பி வந்தது. இளைஞர்களை விவாதத்துக்கு இழுத்த சாதனைக்காக மேலதிகாரிக்கு ஒரு சால்வை. கூட்டத்தில் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்காக அவருக்குத் தெருவில் ஒரு பெயர்.

சால்வை விழா முடிந்து வீடு திரும்பியதும், சபதம் நிறைவேறிய திருப்தியில் வலது கன்னத்தையும் மழித்துக்கொண்டார். மனைவியின் எதிரே போய் நின்றார். கோபமா பெருமையா என்று அவருக்கே பிடிபடவில்லை. எதுவானாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"இந்தா பாரு, நான் ஒண்ணு சொல்லணும்."

"வயசு?"

"என்னது?"

"சின்னவங்க முதல்ல." தொட்டிலைக் காட்டினாள். குட்டி விட்டத்தைப் பார்த்து "ப்பா, ம்மா, க்கா" என்று நீளமாக உரையாற்றிக்கொண்டிருந்தது.

காத்திருந்தார். உரை நீண்டது. நடுவில் ஒரு கொட்டாவி. மறுபடி உரை. கடைசியில் தொட்டில் அடங்கியது. ஒரு வழியாகத் தன் முறை வந்ததென்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

"உஷ்!" என்றாள். "குழந்தை தூங்குது."